சுவருக்குக் கதை சொல்லும் பிள்ளைகள்

அமெரிக்காவில் ஏதாவது ஓர் உயர்தரப் பள்ளிக்கூடத்திற்குக் குளிர்காலத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்க்கும் அந்நியர் எவரும் சிறிது திகைத்துத்தான் போவார். விடுமுறை நாளாயிருந்தும் பள்ளிக்கூடம் திறந்திருக்கும். நீண்ட தாழ்வாரத்தில் இருபது முப்பது பிள்ளைகள், கல்யாணத்துக்குப் புறப்பட்டவர்களைப்போல் நேர்த்தியாக உடுத்திக்கொண்டு, சுவருக்கு ஒரு முழம் இப்பால், சுவரைப் பார்த்தபடியே நிற்பார்கள். வெறுமே நின்றால், ஏதோ உபாத்தியாயர் விதித்த தண்டனை போலும் என்று எண்ணிக்கொண்டு மேலே நடந்துவிடலாம். ஆனால் அவர்கள் சுவரோடு பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு பெண் சுவரைப் பார்த்துக் கண்ணீர் வடிப்பாள். அவளுக்கு அடுத்தாற்போல் நிற்கும் பையன் அதே சுவரை மிரட்டுவான். இன்னும் ஒருவன் தொண்டு கிழவியின் குரலில் சுவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வான். யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பயப்படுவதற்கு ஒன்றுமில்லை. இன்னும் அரைமணியில் போட்டி ஆரம்பமாகப் போகிறது. செவிடன் காதில் ஊதின சங்கு என்பார்கள்; இந்தப் பிள்ளைகளின் சங்கை முதன் முதலில் கேட்கும் பாக்கியம் சுவருக்குக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இத்தகைய போட்டிகளுக்கு அந்த நாட்டில் 'பொரென்ஸிக்ஸ்' என்று பெயர். நேயர்களுக்கு உடனே போலீஸ் இலாகாவும் பிரேத பரிசோதனையும் ஞாபகத்துக்கு வந்தால் குற்றமில்லை. ரோமாபுரியில் ஜனங்கள் கூடும் பொதுச் சதுக்கத்துக்குப் 'போரம்' என்று பெயர். வழக்குகளும் அங்கே நடந்தன; பிரசங்கங்களும் அங்கே நடந்தன. அந்தச் சொல்லின் ஒரு கிளை நியாய ஸ்தலத்தின் பக்கம் போய்விட்டது. மற்றொரு கிளை பள்ளிக்கூடத்திற்குள் புகுந்து, விவாதம், சொற்பொழிவு, வாசிப்பு ஆகிய இத்தனைக்கும் பொதுப் பெயராக நிலைத்துவிட்டது. அவற்றுள் நாம் இன்று எடுத்துக்கொண்டிருப்பது வசன வாசிப்பு. பேச்சுப் போட்டி என்றால் நமக்குத் தெரியும்: நாமே எழுதியதை, அல்லது நம் தகப்பனார் எழுதிக் கொடுத்ததை, மேடையேறி முழங்குவது. இது அப்படியன்று. வேறொருவர் எழுதி அச்சேறிய சிறுகதையையோ, நாவலின் ஒரு பகுதியையோ எடுத்துக்கொண்டு, கேட்பவர் கண் முன்னே அந்தக் கதையை நடக்கச் செய்ய வேண்டும். ஒரு சொல்லும் சொந்தச் சொல் இல்லை; ஆயினும் வெற்றி தோல்வி முழுவதும் சொந்தம்.

போட்டி நடக்கும் இடமும் ஆடம்பரமானதன்று. ஒரு சாதாரண வகுப்பறை. போட்டியிடும் பிள்ளைகள் ஐந்தாறு பேர். பின் வரிசையில் ஒரு நடுவர், அவர் கையில் நேரம் பார்க்கும் கருவி. முறை வந்தவர் எழுந்து முன்னால் வருகிறார். அவர் கையில் கறுப்பு அட்டை போட்ட சிறு பைண்டர் ஒன்று இருக்கிறது. யாரையும் வணங்காமல், பெயரும் சொல்லாமல், திடீரென்று கதையின் நடுவில் குதித்துவிடுகிறார். ஒரு நிமிஷத்துக்கெல்லாம் பைண்டரை மூடிக்கொண்டு, சொந்த வார்த்தையில் கதையின் பெயர், ஆசிரியர் பெயர், அதைத் தாம் தேர்ந்தெடுத்த காரணம் ஆகியவற்றைச் சொல்கிறார். பிறகு மறுபடியும் அட்டை திறக்கிறது, கதை தொடர்கிறது. டெக்ஸாஸ் ராஜ்யத்துப் பள்ளிக்கூடங்களின் போட்டிகளை நடத்தும் சங்கத்தில் இதற்கெல்லாம் சேர்த்து ஏழே நிமிஷம். கலாசாலை மாணவர்களுக்கு 1978 முதல் நடந்து வரும் தேசீயப் போட்டியில் பத்து நிமிஷம். எல்லோரும் முடித்த பிறகு நடுவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துகிறார். பல சுற்றுகளில் வாங்கிய எண்களைக் கூட்டி, கூட்டுத் தொகை யாருக்குக் குறைவோ அவர் மேலே போகிறார். குறைவாக வாங்கியவன் கெட்டிக்காரன் என்று சொல்லும் பரீட்சை உலகத்தில் அதிகமில்லை.

இந்தக் கலைக்கு மூல புருஷர் ஒருவரைச் சொல்லவேண்டுமானால், சார்லஸ் டிக்கன்ஸைத்தான் சொல்லத் தோன்றுகிறது. அவர் எந்தப் போட்டியிலும் கலந்துகொண்டவர் அல்லர். ஆயினும் இன்று பதினாறு வயதுப் பிள்ளைகள் கையாளும் உபாயங்களில் பெரும்பாலானவற்றை அவர் கையாண்டு பார்த்திருக்கிறார். 1853-ம் வருஷம் டிசம்பர் மாதம் 27-ந் தேதி பர்மிங்ஹாம் நகர மண்டபத்தில், தர்மப் பணிக்காகத் தம்முடைய கிறிஸ்துமஸ் கதையைப் பொது ஜனங்களுக்கு முதன் முதலில் வாசித்தார். அடுத்தடுத்து நடந்த அந்த வாசிப்புகளில் ஒன்றைத் தொழிலாளிகளுக்கென்றே குறைந்த கட்டணத்தில் வைக்கச் செய்தார். 1858-ம் வருஷத்திலிருந்து இதையே ஒரு தொழிலாகவும் நடத்தலானார். 1867-ம் வருஷக் கடைசியில் அமெரிக்காவுக்குப் போய், ஐந்து மாதத்திற்குள் 76 தடவை வாசித்தார்.

அவர் புஸ்தகத்தைத் தயார் செய்த விதம் கவனிக்கத் தக்கது. அச்சிட்ட பிரதியைப் பிரித்துப் பெரிய வெள்ளைத் தாள்களில் ஒட்டிக்கொள்வார். வேண்டாத வரிகளையும், சில சமயம் பக்கம் பக்கமாகவுமே, மசியால் அடிப்பார். ஓரத்தில் தமக்குத் தாமே கட்டளைகள் எழுதிக்கொள்வார். அப்படி அவர் கைப்பட வெட்டித் திருத்திய கிறிஸ்துமஸ் கதைப் பிரதி இன்றும் நியூயார்க் பொது நூல் நிலையத்தில் இருக்கிறது. தாம் எழுதியதைத் தாமே வெட்டும் தைரியம் எழுத்தாளர்களுக்கு எளிதில் வருவதில்லை. (இதை நாம் அனுபவத்திலிருந்து சொல்கிறோம்.) கண்ணால் படிப்பவனுக்கு வேண்டியது வேறு, காதால் கேட்பவனுக்கு வேண்டியது வேறு என்று அவர் அறிந்திருந்தார். வாசிப்பு மேஜையைக்கூட, தம் உடம்பை முழுதும் மறைக்காதபடி தாமே திட்டம் போட்டுச் செய்வித்துக் கொண்டார். புஸ்தகம் எதிரில் இருக்கும். ஆனால் அதை அவர் பார்ப்பது அபூர்வம்.

'ஆலிவர் ட்விஸ்ட்' கதையில் நான்ஸி என்னும் பெண் கொலையுண்ணும் கட்டத்தை 1869-ம் வருஷம் ஜனவரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். நண்பர்கள் வேண்டாம் என்றார்கள். அதை வாசித்து இறங்கியதும் சாதாரணமாக 72 அடிக்கும் அவர் நாடி 120-க்கு மேல் அடித்தது என்று வைத்தியர் குறித்து வைத்தார். 1870-ம் வருஷம் மார்ச்சு 15-ந் தேதி லண்டனில் கடைசி முறையாக வாசித்தார். ஜூன் 9-ந் தேதி காலமானார். வாசிப்பு அவர் ஆயுளைக் குறைத்தது என்று சொல்பவர்கள் பலர். அது எவ்வளவு தூரம் உண்மையோ, பிறர் துக்கத்தை வாய் விட்டுப் படிப்பது உடம்பைத் தொடாமல் போகிற காரியம் அன்று என்பது மட்டும் தெளிவு. இதைப் பின்னால் மறுபடியும் எடுத்துக்கொள்வோம்.

டிக்கன்ஸுக்குப் பிறகு அமெரிக்காவில் இந்தக் கலை சிறிது காலம் சீர் கெட்டுக் கிடந்தது. டெல்ஸார்ட் என்னும் பிரெஞ்சு ஆசிரியருடைய கொள்கையை யார் யாரோ யார் யாருக்கோ சொல்லிக் கொடுத்ததில், பயத்துக்கு இந்தக் கை, வெறுப்புக்கு அந்தக் கை, பக்திக்கு மேல் நோக்கிய கண் என்று ஒரு வாய்பாடாகவே ஆகிவிட்டது. 1886-ம் வருஷத்தில் டெமரெஸ்ட் என்னும் நியூயார்க் பத்திரிகை அதிபர் மதுவிலக்குப் பிரசாரத்துக்காக மெடல் போட்டிகள் ஏற்படுத்தினார். குடியின் தீமையைச் சொல்லும் உரைகளைப் பிள்ளைகள் ஒப்பிக்க வேண்டும். வெள்ளி மெடல் வாங்கியவர்கள் தங்க மெடலுக்கும், தங்கம் வாங்கியவர்கள் வைர மெடலுக்கும் போட்டியிடலாம். குடி எவ்வளவு குறைந்ததோ, ஊர் ஊராகப் பிள்ளைகள் உரத்த குரலில் போட்டியிடும் பழக்கம் மட்டும் வேரூன்றிவிட்டது. பாஸ்டன் நகரத்தில் ஸைலஸ் கர்ரி என்பவர் இந்தக் கைகால் வாய்பாட்டை எதிர்த்தார். மனத்தில் எண்ணம் சரியாக உதித்தால் குரல் தானே சரியாக வரும், குரலை முதலில் பூட்டிவிட்டு எண்ணத்தைத் தேடாதே என்பது அவருடைய போதனையின் சாரம். நல்ல உபாத்தியாயர்கள் இன்றளவும் சொல்லிக் கொடுப்பது அதைத்தான்.

பள்ளிக்கூடப் போட்டிகளுக்கு நாடளாவிய அமைப்பு 1925-ம் வருஷத்தில் ஏற்பட்டது. விஸ்கான்ஸின் ராஜ்யத்தில் ரிப்பன் என்னும் சிற்றூர்க் கல்லூரியில் இருந்த புரூனோ ஜேக்கப் என்பவருக்கு ஓர் உபாத்தியாயர் கடிதம் எழுதினார்: கல்லூரி மாணவர்களுக்கு இருப்பதுபோல், பள்ளிக்கூடத்தில் விவாதம் செய்யும் பிள்ளைகளுக்குக் கௌரவச் சங்கம் ஏதேனும் உண்டா? இல்லை. ஆகவே ஜேக்கப் ஒன்றை ஆரம்பித்துவிட்டார். அதன் முதல் தேசீயப் போட்டி 1931-ல் ரிப்பனிலேயே நடந்தது. 'நாஷனல் பொரென்ஸிக் லீக்' என்று பெயர் பூண்டிருந்த அந்தச் சங்கம், போலீஸ் குழப்பம் பொறுக்காமலோ என்னவோ, 2014-ல் பேச்சு விவாதச் சங்கம் என்ற பொருள்படும் பெயருக்கு மாறிக்கொண்டது.

சரித்திரம் போதும். காரியத்தில் உள்ள கஷ்டத்தை ஓர் உதாரணத்தால் விளக்கினால்தான் விளங்கும். எட்கார் ஆலன் போ 1843-ல் வெளியிட்ட 'காட்டிக் கொடுத்த இருதயம்' என்ற கதையை எடுத்துக்கொள்வோம். ஒருவன், தான் பைத்தியம் அல்ல என்று வற்புறுத்திக்கொண்டே, ஒரு கிழவரைத் தான் கொன்ற வரலாற்றைச் சொல்கிறான். கிழவரிடம் அவனுக்குப் பகையில்லை. அவருடைய ஒரு கண்தான் பிடிக்கவில்லை. ஏழு இரவுகள் நடுநிசியில் கதவைச் சிறிது சிறிதாகத் திறந்து பார்க்கிறான். எட்டாம் இரவில் கிழவர் விழித்துக்கொள்கிறார். கொலை நடக்கிறது, உடல் தரைப் பலகைக்கு அடியில் போகிறது. போலீஸார் மூவர் வருகிறார்கள். அந்தப் பலகையின் மேலேயே தன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அவர்களுடன் பேசுகிறான். அப்போது அவன் காதில் மட்டும் அந்த இருதயம் அடிக்க ஆரம்பிக்கிறது.

கதை இங்கிலீஷில் இரண்டாயிரம் சொற்களுக்குச் சற்று மேலே. நிதானமாகப் படித்தால் ஏழு நிமிஷத்தில் ஆயிரம் சொல்தான் போகும். எனவே பாதிக்குப் பாதி வெட்டியாக வேண்டும். இணைப்புக்கு ஓரிரு சொல் தவிர, சொந்தமாகச் சேர்க்கக் கூடாது. எதை வெட்டுவது? அனுபவமில்லாத பையன் ஏழு இரவுகளையும் தள்ளிவிட்டு நேரே கொலைக்கு ஓடுவான். அந்த இரவுகள் போனால் கதையே போயிற்று. கதவைத் திறக்க எடுத்துக்கொண்ட அந்தப் பொறுமையைத்தானே அவன் தன் புத்தி சுவாதீனத்துக்குச் சாட்சியாகக் காட்டுகிறான்! கேட்பவர்களுக்கோ அதுவே பைத்தியத்துக்குச் சாட்சி. ஆகவே ஓர் இரவையாவது முழுமையாக நிறுத்தி, மற்றவற்றைச் சுருக்க வேண்டும். போலீஸாருடன் நடக்கும் பேச்சைத் தாராளமாக வெட்டலாம்.

அடுத்தபடி உபாத்தியாயர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இவன் யாரிடம் சொல்கிறான்?" நீதிபதியிடமா? வைத்தியரிடமா? சிறை அறைச் சுவரிடமா? கதையில் போ அதைச் சொல்லவில்லை. வாசிப்பவன் முடிவு செய்தாக வேண்டும். வைத்தியரிடம் என்று முடிவு செய்தால் குரலில் ஒரு சாமர்த்தியம் வரும். கேட்பவனை வசப்படுத்தப் பார்க்கும் இனிப்பு வரும். நீதிபதியிடம் என்றால் வேறு. பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் நடுவரே அந்த வைத்தியராக மாறிவிடுகிறார், பாவம்! இந்தத் தீர்மானம் இல்லாமல் முதல் வரியிலேயே கண்ணை உருட்டிக் கத்த ஆரம்பிக்கிறவனுக்கு, இருதயம் அடிக்க ஆரம்பிக்கும்போது கத்துவதற்குத் தொண்டையில் ஒன்றும் மிச்சமிராது.

பல பாத்திரங்கள் உள்ள கதையானால் இன்னொரு வித்தை வேண்டும். வாசிப்பவர் நின்ற இடத்தை விட்டு அதிகம் நகர்வதில்லை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எதிர்ச் சுவரில் ஓர் இடத்தை மனத்தால் குறித்துக்கொள்கிறார். தாய் பேசும்போது பார்வை சற்றுத் தாழ்ந்து வலப்புறம் போகும். குழந்தை பேசும்போது அண்ணாந்து இடப்புறம். பார்வை மாறும் அந்த இமைப் பொழுதில் ஆளும் மாறியாக வேண்டும். "என்று அவன் சொன்னான்" முதலிய சொற்களை வெட்டியெறிய முடிவது இதனால்தான்.

இனி அந்தக் கறுப்புப் பைண்டரைப்பற்றி. பத்து வாரம் பழகிய பிள்ளைக்கு அந்தக் கதை தலைகீழாகப் பாடம். கைப்பிரதியைத் தூக்கி எறிந்துவிட்டும் படிப்பான். ஆயினும் பிரதி கையில் இருந்தே தீரவேண்டும் என்பது விதி. நகைச்சுவை, சோகம் என்று பெயரிட்ட வேறு போட்டிகளில் பிரதி இல்லாமல் மனப்பாடமாக நடித்துக் காட்டுவார்கள். வசன வாசிப்பில் அது கூடாது. ஆகவே பிள்ளை படிப்பதுபோல் பாவனை செய்கிறான்; நடுவர் நம்புவதுபோல் பாவனை செய்கிறார். கேலிக்கு இடமான ஏற்பாடுதான். பக்கத்தைப் படாரென்று திருப்பிக் காலம் மாறியதைக் காட்டுவதும், பைண்டரையே கதவாகவும் குழந்தையாகவும் ஆக்கிவிடுவதும் கலாசாலைப் போட்டிகளில் கண்கட்டு வித்தையாகவே வளர்ந்துவிட்டன. ஆனாலும் நாம் இந்த விதியின் பக்கம்தான். கையில் பிரதி இருக்கும் வரையில், இந்த வார்த்தைகள் என்னுடையவையல்ல, எழுதினவர் ஒருவர் உண்டு என்ற ஒப்புதல் எதிரே நின்றுகொண்டிருக்கிறது.

நமக்குப் பத்து வயதாயிருந்தபோது நடந்தது ஒன்று. வாரப் பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் தொடர்கதையை உரக்கப் படிக்கும் உத்தியோகம் நமக்கு. பாட்டிக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் கதை வாசனை நிரம்ப உண்டு. விளையாடப் போகும் அவசரத்தில் ஒரு நாள் கடகடவென்று ஓட்டிக்கொண்டிருந்தோம். கதாநாயகி தகப்பனாரின் மரணச் செய்தி கேட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடம். பாட்டி கையை நீட்டிப் பத்திரிகையை மறைத்து, "ஏண்டா இப்படி ஓடறே? அவள் அழுது முடிக்கட்டும். அப்புறம் மேலே படி" என்றாள். வாசிப்புக் கலைபற்றி இங்கிலீஷில் பெரிய பெரிய புஸ்தகங்கள் பிறகு பார்த்திருக்கிறோம். இவ்வளவு சுருக்கமாக வேறெங்கும் காணவில்லை.

ஆனால் அந்தத் திண்ணையில் நடுவர் இல்லை. அழுகைக்கு மார்க்கு இல்லை. மார்க்கு வந்து சேர்ந்த இடத்தில்தான் தொல்லையும் வந்து சேர்ந்தது. பத்து நிமிஷத்துக்குள் நடுவர் மனத்தைக் கலக்கிவிட வேண்டும் என்றால், சாவும், பலாத்காரமும், தீராத வியாதியும் குறுக்கு வழியாகத் தோன்றுகின்றன. ஒரு சுற்றில் உட்கார்ந்து கேட்டால், காலை ஒன்பது மணியிலிருந்து பத்து மணிக்குள் ஐந்து மரணம் கேட்டுவிட்டு எழுந்திருக்கலாம். பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி, தான் அறியாத ஒரு கொடுமையை வாரந்தோறும் மூன்று தடவை நான்கு தடவை உடம்பில் ஏற்றிக்கொண்டு இறக்குவது நல்லதா? ஒருவேளை அவள் அறிந்த கொடுமையாயிருந்தால் இன்னும் எவ்வளவு மோசம்! யாருடைய துயரத்தை யார் சொல்லலாம் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அந்த நாட்டு உபாத்தியாயர்களுக்குள்ளேயே இதுபற்றி ஓயாத தர்க்கம் உண்டு. இப்படிப்பட்ட கதைகளையே தள்ளிவிட வேண்டும் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. சொல்ல வாயில்லாதிருந்த எத்தனையோ பிள்ளைகள், அச்சில் வந்த ஒருவருடைய வாயைக் கடன் வாங்கிக்கொண்டு முதன் முதலாகத் தங்கள் துயரத்தை வெளியிட்டிருக்கிறார்கள். நாஷ்வில் நகரத்துப் பள்ளியில் படித்த காலத்தில் நாடகப் பாங்கான வாசிப்புப் போட்டிகளில் பேர் வாங்கிய ஒரு பெண்ணைப் பிற்பாடு ஓப்ரா வின்ப்ரே என்று உலகம் அறிந்தது. என்றாலும், கதையைத் தேர்ந்தெடுக்கும்போது "இது நடுவரை அழ வைக்குமா?" என்று முதலில் கேட்கும் உபாத்தியாயரிடம் நம் வீட்டுப் பெண்ணை ஒப்புவிக்கச் சம்மதிக்கமாட்டோம்.

நடுவர்கள் என்றதும் பழுத்த ரஸிகர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பிள்ளைகளைக் கூட்டி வரும் ஒவ்வொரு பள்ளியும் தன் கணக்குக்கு நடுவர்களையும் கொண்டுவர வேண்டும். ஆகையால் எவனோ ஒரு பையனின் தகப்பனார், சனிக்கிழமைத் தூக்கத்தைத் துறந்து, கையில் காப்பியுடன் உட்கார்ந்திருப்பார். இலக்கண நுட்பம் தெரிந்த நடுவரைவிட இவரிடம் ஜயிப்பதுதான் கஷ்டம் என்று பழகிய பிள்ளைகள் சொல்வதுண்டு. இவருக்குப் பார்வைக் குறியும் பக்கம் திருப்புதலும் ஒரு பொருட்டல்ல. கதை நின்றால் நிற்கும், விழுந்தால் விழும்.

2020-ம் வருஷம் பெருவியாதி வந்து பள்ளிக்கூடங்களை மூடியபோது தேசீயப் போட்டியும் கணினித் திரைக்குள் போய்விட்டது. பிள்ளைகள் தத்தம் படுக்கையறையில் நின்றுகொண்டு ஒரு சிறு கண்ணாடிப் புள்ளியைப் பார்த்து வாசித்தார்கள். எதிரில் ஆளில்லாமல் பேசுவதில் அவர்களுக்கு முன் பழக்கம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. ஆனால் ஒருவன் முடித்ததும் மற்ற ஐந்து பேர் மூச்சு விடும் சத்தம் மட்டும் அந்தப் பெட்டிக்குள் வரவில்லை.

பிறகு தாழ்வாரங்கள் மறுபடியும் நிறைந்தன. முன்னெல்லாம் முதல் சுற்றுகள் முடிந்தவுடன், மேலே செல்பவர்களின் எண்களை ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். கூட்டம் முண்டியடித்துக்கொண்டு போகும். இப்போது பெரும்பாலும் கையிலுள்ள டெலிபோனிலேயே முடிவு வந்துவிடுகிறது. தாழ்வாரம் நெடுக ஒரே சமயத்தில் தலைகள் குனிகின்றன. சிலர் துள்ளுகிறார்கள், சிலர் பெஞ்சியில் உட்கார்ந்து டையைத் தளர்த்திக்கொள்கிறார்கள். துள்ளியவர்களுக்கு அதிக நேரமில்லை. அடுத்த சுற்றுக்கு இருபது நிமிஷம்தான் இருக்கிறது. பைண்டரைத் திறந்து, ஒரு முழம் தள்ளி நின்று, சுவரிடம் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.